கொழிஞ்சாம்பாறைச் சாவிக் கடை: மாற்றுச் சாவிக்கு நம்பிப் போகலாம், மற்ற வேலைகளுக்குத் தெரிந்துகொண்டு போகலாம்

பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி செல்லும் சாலையில், கொழிஞ்சாம்பாறையை ஒட்டி, ‘சாவி’ என்று தமிழிலும் ‘தாக்கோல்’ என்று மலையாளத்திலும் எழுதிய பலகையுடன் இரண்டு ஷட்டர் அகலத்தில் ஒரு கடை இருக்கிறது. முன்பகுதியில் தந்தை வீட்டுப் பூட்டுக்கும் பீரோவுக்கும் இருசக்கர வாகனத்துக்கும் சாவி வெட்டுகிறார். பக்கத்து ஷட்டரில் மகன் கார் சாவிகளை புரோகிராம் செய்வதோடு பின்புறக் கேமரா, பயணத்தைப் படம் பிடித்துப் பதியும் டேஷ்கேம், ஆண்ட்ராய்டு திரை போன்றவற்றையும் பொருத்தித் தருகிறார். என் காருக்கு மாற்றுச் சாவி செய்வதற்காகச் சென்று, பிறகு சில சிறு வேலைகளையும் அங்கேயே முடித்துக்கொண்டேன். கார் சாவியைப் பொறுத்தவரை, இந்தப் பகுதியில் நான் பார்த்த கடைகளுள் மிக முறையாக நடப்பது இதுதான். மின்னிணைப்பு வேலையிலும் அவர்களுக்குக் கை சுத்தம். ஆனால் எதைப் பொருத்தலாம், எதைப் பொருத்தக் கூடாது என்ற ஆலோசனையை அவர்களிடம் அப்படியே ஒப்படைத்துவிட முடியாது.

என்னுடையது பொள்ளாச்சியில் இரண்டாம் கையாக வாங்கிய 2016 ஆம் ஆண்டு ஹூண்டாய் கிராண்ட் ஐ10. பழைய கார் வாங்குபவர்களில் பலருக்கு நடப்பதுபோல் எனக்கும் ஒரே ஒரு சாவிதான் கைக்கு வந்தது. இன்னொன்று வீட்டில் எங்கோ இருக்கிறது, கிடைத்ததும் கொடுத்தனுப்புகிறோம் என்றார்கள். ஒற்றைச் சாவியோடு கார் வைத்திருப்பது வெறும் வசதிக் குறைவு அன்று. இருக்கும் சாவியும் தொலைந்துவிட்டால், ஒன்றைப் பார்த்து மற்றொன்றைச் செய்யும் எளிய வேலை, ஒன்றுமில்லாமல் புதிதாகச் செய்யும் பெரிய வேலையாக மாறுகிறது. செலவும் அதற்கேற்ப ஏறுகிறது. கார் திருட்டுப் போனால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டுக் கோரிக்கையுடன் எல்லாச் சாவிகளையும் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். ஒன்று குறைந்தால் கேள்விகள் எழும். இவை இரண்டையும்விட எனக்கு உறுத்தலாக இருந்தது, அந்த இன்னொரு சாவி உண்மையில் யார் கையில் இருக்கிறது என்பதுதான். எனவே எனக்குத் தேவைப்பட்டவை இரண்டு: ஒரு புதுச் சாவி, அதோடு காணாமற்போன பழைய சாவி இனி இந்தக் காரை எழுப்பாது என்ற உறுதி. மாற்றுச் சாவி கேட்டுச் செல்பவர்களில் பெரும்பாலோர் முதலாவதை மட்டுமே கேட்கிறார்கள். பெரும்பாலான கடைகளும் அதை மட்டுமே செய்து அனுப்புகின்றன.

கடையில் நான் எதிர்கொண்ட முதல் கேள்வி சாவியைப் பற்றியது அன்று. “ஆர்சி யார் பேர்லீங்க இருக்குது?” என்று பெரியவர் கேட்டார். தமிழக-கேரள எல்லையோர ஊர்களில் இந்தக் கேள்விக்கு எளிய விடை இருப்பதில்லை. வண்டியில் டிஎன் 41 என்ற பொள்ளாச்சிப் பதிவு எண். என் முகவரி கேரளத்தின் சித்தூர் வட்டத்தில். ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை வேறொரு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதுப் பதிவு எண் வாங்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47 ஆம் பிரிவு. அதற்கு முதலில் பழைய அலுவலகத்திலிருந்து 28 ஆம் எண் படிவத்தில் தடையின்மைச் சான்று பெற வேண்டும். அந்த நடைமுறை முடிந்து கேஎல் 70 என்ற சித்தூர் எண் கிடைக்கும்வரை ஆர்சி புத்தகத்தில் விற்றவரின் பெயரே இருக்கும். இத்தகைய நிலையில் பல கடைக்காரர்கள் காகிதத்தைக் கேட்பதே இல்லை. கேட்டால் வாடிக்கையாளர் எல்லைக்கு அந்தப்பக்கம் போய்விடுவார் என்ற கவலை அவர்களுக்கு. இங்கே ஆர்சி நகல், உரிமை மாற்றத்துக்காக விற்றவரும் நானும் கையொப்பமிட்ட 29, 30 ஆம் எண் படிவங்களின் நகல், என் அடையாள அட்டை ஆகியவற்றை வாங்கி, காரின் சேசிஸ் எண்ணை நேரில் படித்து ஆர்சியில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஒரு பேரேட்டில் எழுதி என்னிடம் கையொப்பம் வாங்கிய பிறகே மகன் கருவியை எடுத்தார். நான் காத்திருந்த நேரத்தில், சித்தப்பா மகனின் வண்டி என்று சொல்லி ஆர்சி இல்லாமல் வந்த ஒருவர், கேட்ட கூலிக்கு மேல் தருவதாகச் சொல்லியும், உரிமையாளரைக் கூட்டிக்கொண்டு வரும்படி திருப்பி அனுப்பப்பட்டார். கார் சாவிக் கடையை மதிப்பிட இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. யார் கேட்டாலும் என் காருக்குச் சாவி செய்து கொடுக்கக்கூடிய கடை, எனக்கு எவ்வளவு மலிவாகச் செய்து கொடுத்தாலும் நல்ல கடை ஆகாது.

சாவி வேலையின் உட்பொருளைச் சற்று விளக்கினால்தான் கடையின் தரத்தைச் சொல்ல முடியும். இன்றைய கார் சாவியில் மூன்று தனித்தனிப் பொருள்கள் ஒரே கூட்டுக்குள் இருக்கின்றன. முதலாவது, பூட்டைத் திருப்பும் உலோக அலகு. இரண்டாவது, கதவைத் தொலைவிலிருந்து திறக்கும் ரிமோட். இது நாணய வடிவ மின்கலத்தில் இயங்குகிறது, பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுகிறது. மூன்றாவது, டிரான்ஸ்பாண்டர் எனப்படும் மிகச் சிறிய சிப். இதற்கு மின்கலமே தேவையில்லை. சாவித் துளையைச் சுற்றியுள்ள கம்பிச் சுருள் ஏறத்தாழ 125 கிலோஹெர்ட்ஸில் வெளியிடும் காந்தப்புலமே சிப்புக்கு மின்சாரம் தருகிறது; அந்த மின்சாரத்தில் விழித்துக்கொண்ட சிப், கார் கேட்கும் மறைக்குறியீட்டுக் கேள்விக்கு விடை அளிக்கிறது. விடை சரியாக இருந்தால்தான் எஞ்சினுக்கு எரிபொருள் செல்லும். இந்த அமைப்புக்குத்தான் இம்மொபிலைசர் என்று பெயர். ஐரோப்பிய ஒன்றியத்தில் 1998 அக்டோபர் முதல் புதிய கார்கள் அனைத்துக்கும் இது கட்டாயமாக்கப்பட்டது. இந்தியாவில் விற்கப்படும் கார்களிலும் வெகு காலமாகவே பரவலாக இருக்கிறது. ரிமோட்டின் மின்கலம் தீர்ந்துபோனாலும் சாவியைச் செருகித் திருப்பினால் கார் கிளம்புவதும், கச்சிதமாக வெட்டிய சாவியாக இருந்தாலும் சிப் இல்லாவிட்டால் கிளம்பாததும் இதனால்தான். மகன் இதைச் சொல்லாமல் செய்தே காட்டினார்: வெட்டி முடித்த, இன்னும் பதிவு செய்யாத சாவியைப் போட்டுத் திருப்பியபோது கதவு திறந்தது, பூட்டு திரும்பியது, ஆனால் எஞ்சின் உயிர்பெறவில்லை, முகப்புப் பலகையில் சாவிக் குறி மின்னிக்கொண்டிருந்தது.

அலகை வெட்டுவதிலேயே நல்ல கடைக்கும் சுமாரான கடைக்கும் வேறுபாடு தெரிந்துவிடும். பழைய சாவியை இடுக்கியில் பிடித்து, அதன் மேடு பள்ளங்களைத் தடவிக்கொண்டே புதிய அலகை வெட்டும் எந்திரம் எல்லா ஊரிலும் உண்டு. பத்தாண்டு தேய்ந்த சாவியை அப்படி நகலெடுத்தால் அந்தத் தேய்மானமும் சேர்ந்தே நகலாகும்; புதுச் சாவி முதல் நாளிலிருந்தே பூட்டில் சிக்கித் தடுமாறும். இங்கே கணினிவழி வெட்டும் எந்திரம் இருக்கிறது. பழைய சாவியின் ஒவ்வொரு வெட்டின் ஆழத்தையும் அது அளந்து, தொழிற்சாலை நிர்ணயித்த ஆழங்களில் எதற்கு நெருக்கமாக இருக்கிறது என்று கணித்து, தேய்வதற்கு முன் இருந்த அளவில் வெட்டுகிறது. புது கார் வாங்கும்போது சாவியோடு எண் பொறித்த சிறு தகடு ஒன்று தருவார்கள். அதைப் பத்திரமாக வைத்திருப்பவர்களுக்கு இந்த அளவெடுப்பும் தேவையில்லை. எண்ணை உள்ளிட்டாலே போதும். என் காரில் இப்போது புதுச் சாவி, பழையதைவிட இலகுவாகத் திரும்புகிறது.

அடுத்தது சிப்பைக் காருக்கு அறிமுகப்படுத்தும் வேலை. இதற்கு இரண்டு வழிகள் உண்டு. எந்த வழியில் செய்கிறார்கள் என்பதை வாடிக்கையாளர் கேட்டறிவது அவசியம். ஒன்று, இருக்கும் சாவியின் சிப்பில் உள்ளதை அப்படியே இன்னொரு சிப்பில் பதிவது. வாகனங்களில் வெகுவாகப் பயன்பட்ட ஒரு சிப் வகை 48 பிட் மறைக்குறியீட்டையே நம்பியிருந்தது. அதை உடைக்க முடியும் என்று ஆய்வாளர்கள் 2012 இல் வெளிப்படையாகக் காட்டினர். இன்று கையடக்கக் கருவி வைத்திருக்கும் சாவிக் கடைக்காரர்கள் அவ்வகைச் சிப்புகளை நகலெடுத்துத் தருகிறார்கள். காரின் கணினியோடு பேசுவதற்கான ஓபிடி துளையில் கருவியை இணைக்க வேண்டியதில்லை, வேலை விரைவில் முடியும், கூலியும் குறைவு. ஆனால் காரின் பார்வையில் அசலும் நகலும் ஒரே சாவி. நகல் தொலைந்தால் அதை மட்டும் நீக்க முடியாது. ஏற்கெனவே யாரிடமோ இருக்கும் வேறொரு சாவியும் அப்படியே செல்லுபடியாகும். என் தேவைக்கு இது உதவாது.

மற்ற வழி, ஓட்டுநர் பக்கத்து டேஷ்போர்டுக்குக் கீழே உள்ள 16 முனை ஓபிடி துளையில் கருவியை இணைத்து, புதிய சிப்பைக் காரின் நினைவகத்தில் தனிச் சாவியாகவே பதிவு செய்வது. ஹூண்டாய் கார்களில் இதற்கு ‘பின்’ எனப்படும் ஆறு இலக்க இரகசிய எண் வேண்டும். அது ஒவ்வொரு வண்டிக்கும் தனியானது, சேசிஸ் எண்ணைக் கொண்டு பெறப்படுவது. தவறான எண்ணைத் திரும்பத் திரும்ப உள்ளிட்டால் கார் சிறிது நேரத்துக்குப் பதிவையே பூட்டிவிடும் என்பதால் ஊகத்துக்கு இங்கே இடமில்லை. இந்தக் கார்களில் பதிவு நடைபெறும் முறையும் எனக்குச் சாதகமாக அமைந்தது: புதிதாக ஒன்றைச் சேர்க்கும்போது எல்லாச் சாவிகளையும் மீண்டும் முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பதிவு செய்ய வேண்டும், அப்போது அங்கே இல்லாத சாவி தானாகவே செல்லாததாகிவிடும். வீட்டில் மூன்றாவது சாவி வைத்துவிட்டு வருபவர்கள் கவனிக்க வேண்டிய இடமும் இதுவே. இதனால்தான் மகன் வேலையைத் தொடங்குமுன், வேறு சாவி எதுவும் வீட்டில் இல்லை என்று என்னிடம் உறுதிப்படுத்திக்கொண்டார். தொடங்கியபோது கருவியின் திரையில் பதிவாகியிருந்த சாவிகளின் எண்ணிக்கையையும், முடித்த பிறகு வந்த எண்ணிக்கையையும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு முறையும் ‘2’ என்றே இருந்தது. அதன் பொருளை அவரே விளக்கினார்: முதலில் இருந்த இரண்டில் ஒன்று எனக்குத் தெரியாத சாவி, இப்போதுள்ள இரண்டும் என் கையிலேயே இருக்கின்றன.

வேலை நடக்கும்போது காரின் பேட்டரியோடு வெளியிலிருந்து ஒரு மின்வழங்கியை இணைத்திருந்ததும் என் கவனத்துக்கு வந்தது. இக்னிஷன் நீண்ட நேரம் இயங்கு நிலையில் இருக்கும்; பதிவின் நடுவே மின்னழுத்தம் சரிந்தால் காரின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் உள்ள தகவல் கெட்டுவிடக்கூடும். சிறிய முன்னெச்சரிக்கைதான், பல இடங்களில் அதைச் செய்வதில்லை.

குறைகளும் உண்டு. அவர்கள் தரும் ரிமோட், கார் நிறுவனத்தின் அசல் பொருள் அன்று. எந்தக் காருக்கும் ஏற்ப மாற்றி எழுதிக்கொள்ளக்கூடிய பொதுவகை. பித்தானின் ரப்பர் மெலிதாக இருக்கிறது, மடக்குச் சாவியின் சுருள்வில் அசலைப் போல அழுத்தமாகத் திறப்பதில்லை, கதவைத் திறக்கும் தொலைவும் அசலைவிடக் குறைவு. அன்றாடம் அசல் சாவியைப் பயன்படுத்திவிட்டு இதை வீட்டில் வைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு இது பெரிய குறையாகப் படாது. மொத்தக் கூலி, பொருளுடன் சேர்த்து 4,200 ரூபாய். ரிமோட்டுக்கு ஆறு மாத உத்தரவாதம் எழுதிய ரசீது கிடைத்தது. ரசீதில் சேசிஸ் எண்ணையும் ‘ஒரு சாவி புதிதாகச் சேர்க்கப்பட்டது, ஒன்று நீக்கப்பட்டது’ என்பதையும் எழுதித் தரும்படி கேட்டுப் பெற்றேன். பின்னாளில் காப்பீட்டு நிறுவனத்துக்கு விளக்கம் சொல்ல இது பயன்படும். அங்கீகரிக்கப்பட்ட சேவை மையத்தில் இதே வேலைக்குச் செலவு ஏறத்தாழ இரு மடங்கு, சாவி தருவிக்கப்படும்வரை காத்திருக்கவும் வேண்டும். ஆனால் அசல் பொருள் கிடைக்கும், வேலை நிறுவனத்தின் பதிவேட்டிலும் ஏறும். உத்தரவாதக் காலத்துக்குள் இருக்கும் புது காருக்கு நான் சேவை மையத்தையே பரிந்துரைப்பேன். பத்தாண்டுப் பழைய காருக்கு அந்தச் செலவு தேவையில்லை.

சாவிக்கூட்டை மட்டும் மாற்றுவதற்கென்றும் இந்தக் கடைக்குப் பலர் வருகிறார்கள். உடைந்த கூட்டுக்குப் பதிலாக மடக்குக் கூடு வாங்கி மாட்டும் வேலை எளிதானது போலத் தோன்றும். ஆனால் பழைய கூட்டின் மூலையில் ஒட்டியிருக்கும், அரிசி மணியளவே உள்ள சிப்பை எடுக்க மறந்து கூட்டைக் குப்பையில் போட்டுவிட்டால் கார் நின்ற இடத்திலேயே நின்றுவிடும். இங்கே பழைய கூட்டையும் உறையில் போட்டு வாடிக்கையாளரிடமே திருப்பித் தருகிறார்கள்.

இனி மற்ற வேலைகள். புதிய கார்கள் எல்லாவற்றுக்கும் பின்புற பார்க்கிங் சென்சார் 2019 ஜூலை 1 முதல் கட்டாயமாக்கப்பட்டது. அதற்கு முந்தைய என் காரில் அது இல்லை. எனவே சென்சார், பின்புறக் கேமரா, அதைக் காட்டுவதற்கு ஒரு ஆண்ட்ராய்டு திரை, முன்புறத்துக்கு ஒரு டேஷ்கேம் என்று முடிவு செய்தேன். மின்னிணைப்பில் அவர்கள் காட்டிய ஒழுங்கு எனக்குப் பிடித்திருந்தது. காரின் எந்த வயரும் வெட்டப்படவில்லை. பழைய மியூசிக் சிஸ்டத்தின் கப்ளரில் பொருந்தும் மாற்றுக் கப்ளர் வழியாகவே திரைக்கு இணைப்பு தரப்பட்டது, கழற்றிய பழைய சிஸ்டமும் திருகாணிகளோடு பெட்டியில் போட்டுத் தரப்பட்டது. டேஷ்கேமுக்கான மின்சாரத்தை ஃபியூஸ் பெட்டியிலிருந்து தனி ஃபியூஸ் கொண்ட இணைப்பான் மூலம் எடுத்தார்கள். வயர்களைச் சுற்றியது துணி நாடாவால். பாலக்காட்டுக் கோடையில் வெயில் 40 டிகிரியைத் தொடும் நாட்களில் சாதாரண பிளாஸ்டிக் இன்சுலேஷன் டேப் பிசுபிசுவென்று இளகி நழுவிவிடும் என்பதை அறிந்தவர்கள்தாம் இப்படிச் செய்வார்கள். கேமராவின் வயர் பின்கதவு இடுக்கு வழியாக வெளியே தொங்காமல், கதவுக்கும் உடற்பகுதிக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாய்க்குள்ளேயே நுழைத்து இழுக்கப்பட்டிருந்தது. நேரம் பிடிக்கும் வேலைதான். ஆனால் ஜூன் மழையில் டிக்கிக்குள் தண்ணீர் இறங்காமலிருக்க இதைத் தவிர வேறு வழியில்லை.

டேஷ்கேம் வாங்கும்போது, உள்ளே லித்தியம் மின்கலம் உள்ளதைத் தவிர்த்து மின்கலமின்றி மின்சாரத்தைத் தேக்கும் சூப்பர் கெபாசிட்டர் உள்ளதைத் தேர்ந்தெடுக்கச் சொன்னதும் மகனே. கண்ணாடியின் உட்புறம் ஒட்டப்பட்டு நாள் முழுவதும் வெயிலில் காயும் கருவிக்கு மின்கலம் ஒத்துவராது. சில மாதங்களில் உப்பிவிடும். நிறுத்தி வைத்த காரிலும் பதிவு ஓட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு, பேட்டரியின் மின்னழுத்தம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் தானே துண்டித்துக்கொள்ளும் இணைப்புப் பெட்டியைச் சேர்த்துப் பொருத்துகிறார்கள். எனக்கு அது தேவைப்படவில்லை.

திரையைப் பற்றி அவ்வளவு உற்சாகமாகச் சொல்ல முடியவில்லை. கடையில் காட்டிய வேகம் காரில் இல்லை. வெயிலில் நின்ற வண்டியை எடுத்ததும் வரைபடத்தைத் திறந்தால் திரை சிறிது நேரம் தடுமாறுகிறது. தொலைபேசியில் பேசும்போது எதிர்முனையில் இருப்பவருக்கு எஞ்சின் சத்தமே பெரிதாகக் கேட்டது. ஒலிவாங்கியை ஸ்டியரிங் தண்டின் அருகே ஒட்டியிருந்ததே காரணம். திரும்பக் கொண்டுபோய்ச் சொன்னதும் முன்தூணின் மேற்பகுதிக்கு மாற்றித் தந்தார்கள், கூலி கேட்கவில்லை. ஆயினும், கேமராவுக்காக மட்டுமே திரை வாங்குபவர்கள், பின்னோக்குக் கண்ணாடியின் மேல் மாட்டும் சிறிய திரையோடு நிறுத்திக்கொள்ளலாம். விலையில் பாதிக்கு மேல் மிச்சமாகும். இந்த யோசனையைக் கடையில் யாரும் சொல்லவில்லை, இலாபம் பெரிய திரையில்தான் என்பதால் இருக்கலாம்.

முகப்பு விளக்கில்தான் கடையோடு எனக்கு உடன்பாடு இல்லை. என் காரில் உள்ளது 60/55 வாட் ஆலசன் பல்பு. வெளிச்சம் போதவில்லை என்று சொன்னவுடன், விலை கூடிய எல்இடி பல்பு ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார்கள். ஆலசனின் இழை எந்தப் புள்ளியில் இருக்கிறதோ அதைக் கணக்கிட்டே விளக்கின் எதிரொளிப்பான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. அங்கே வேறு வடிவ ஒளிமூலத்தைச் செருகினால் ஒளி சிதறும், எதிரே வரும் இருசக்கர வாகன ஓட்டியின் கண்ணில் அடிக்கும். கோபாலபுரத்துப் பக்கம் தெருவிளக்கில்லாத சாலையில் மொபெட்டில் எதிரே வருபவரின் நிலையை எண்ணிப் பார்த்தாலே போதும். சட்டமும் தெளிவாக இருக்கிறது. நிறுவனம் தந்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு. அதை உறுதிப்படுத்திய உச்ச நீதிமன்றத்தின் 2019 ஜனவரித் தீர்ப்பு கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில்தான் வந்தது. உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். கேரள மோட்டார் வாகனத் துறை இதில் தளர்வு காட்டுவதாக யாரும் சொல்ல மாட்டார்கள். அதே வாட் ஆலசன் பல்பை வைத்துக்கொண்டே, பேட்டரியிலிருந்து ரிலே எனப்படும் மின்சுவிட்ச் வழியாக நேரடியாக மின்சாரம் தரும் வயரிங் இணைப்பு ஒன்று உண்டு. பழைய கார்களில் சுவிட்ச் வழியாகச் சுற்றி வரும்போது இழக்கப்படும் மின்னழுத்தம் அதனால் மீண்டு, வெளிச்சம் கண்கூடாகக் கூடும். நான் அதைக் கேட்ட பிறகே எடுத்துத் தந்தார்கள். கேட்காதவர் எல்இடியோடு வீட்டுக்குப் போயிருப்பார்.

கூலிங் பிலிம் ஒட்டுவதிலும் இதே போக்கு தெரிகிறது. 2012 இல் உச்ச நீதிமன்றம் விதித்த தடைக்குப் பிறகு, 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதித் திருத்தத்தின் அடிப்படையில், முன்பின் கண்ணாடிகளில் 70 விழுக்காடும் பக்கக் கண்ணாடிகளில் 50 விழுக்காடும் ஒளி ஊடுருவும் வகையில் தரமான பிலிம் ஒட்டலாம் என்று கேரள உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் தெளிவுபடுத்தியது. அளவுக்கு உட்பட்ட பிலிம் கடையில் இருக்கிறது. ஆனால் கேட்டால் கறுப்பானதையும் எடுத்துத் தருகிறார்கள். ஊடுருவல் அளவைக் குறிக்கும் சான்றை வாங்கி வண்டியில் வைத்துக்கொள்வது, எல்லையைத் தினமும் கடப்பவர்களுக்கு நல்லது. முன்பக்க பம்பருக்கு இரும்புக் கம்பி மாட்டுவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். அது 2017 இலேயே தடை செய்யப்பட்டது, காற்றுப்பை விரிவதற்கும் இடையூறு. இருக்கை உறையை வேறு கடையில் தைக்கக் கொடுத்து வாங்கித் தருகிறார்கள், அதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. ஆனால் இருக்கையின் பக்கவாட்டில் காற்றுப்பை உள்ள கார்கள், அதற்கென்று தையல் விட்ட உறையைத் தவிர வேறு எதையும் ஏற்கக் கூடாது.

சாவி வேலைக்குப் போகிறவர்கள் ஆர்சி, அடையாள அட்டை, வீட்டிலுள்ள எல்லாச் சாவிகள், இருந்தால் சாவி எண் பொறித்த தகடு ஆகியவற்றைக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். ஆர்சி வேறொருவர் பெயரில் இருந்தால் அவரையும் அழைத்துச் செல்வதே எளிது. முன்கூட்டித் தொலைபேசியில் கேட்டு, தங்கள் காருக்கான வெற்றுச் சாவி கையிருப்பில் இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு போகலாம். ஹூண்டாய், மாருதி கார்களுக்குப் பெரும்பாலும் இருக்கும், மற்றவற்றுக்குக் கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டும். பணத்தை யுபிஐ வழியே செலுத்தலாம், கேட்டால்தான் ரசீது தருகிறார்கள். உட்கார இரண்டு நாற்காலிகள். வேலையெல்லாம் சாலையோரத்தில் நிறுத்திய காரில்தான் நடக்கிறது, நிழலுக்கு மரமும் இல்லை என்பதால், கடை திறக்கும் ஒன்பது மணிக்கே போய்விடுவது வசதி.